விளிம்பில் இருந்த எண்

என் அருமைத் தம்பி ஆறுமுகத்துக்கு,

உன்னிடம் நான் முதன்முதலில் கேட்ட கேள்வி உனக்கு நினைவிருக்கிறதா? துபாய் அல் குசைஸில் எங்கள் கட்டிடத்துக்கு நீ செக்யூரிட்டியாக வந்த முதல் நாள். காய்கறிப் பையோடு லிஃப்டுக்குக் காத்திருந்தேன். தமிழ் முகமாகத் தெரிந்ததால், "உங்க பேர் என்ன தம்பி?" என்றேன். நீ குதிகாலைச் சேர்த்து நின்று ஒரு நீண்ட எண்ணைச் சொன்னாய். பிறகு "ஹவில்தார்" என்றாய். அதற்கும் பிறகுதான் "ஆறுமுகம்" வந்தது.

"பேரைக் கேட்டா நம்பரைச் சொல்றீங்களே" என்றேன். முப்பத்தொரு வருஷம் வகுப்பில் நின்றவள் நான். கேள்விக்கு நேரான பதில் வராவிட்டால் விட மாட்டேன்.

"எங்க யூனிட்ல ஆறுமுகம் ரெண்டு பேர் இருந்தோம்க்கா. நம்பர் மட்டும்தான் எனக்கே எனக்குன்னு இருந்தது" என்றாய்.

மேலே போய் வீட்டுக்காரரிடம் சொல்லிச் சிரித்தேன். அன்றைக்கு அது வேடிக்கையாக இருந்தது. நீ போய் எட்டு மாதம் ஆகிறது, தம்பி. இந்த எட்டு மாதத்தில் அந்த எண்ணுக்காக நான் ஏறாத படி இல்லை, போடாத சண்டை இல்லை. கோபம் என் குணமில்லை என்று நீயே சொல்வாய். இப்போது என்னைப் பார்த்தால் நீயே இரண்டடி தள்ளி நிற்பாய்.

போன வாரம் சங்கத்தின் செயலாளர் போன் செய்தார். தேசபக்தியையும் நம் மரபையும் வளர்ப்பதற்கென்று அஜ்மானில் ஒரு அலுவலகம் போட்டு நடத்துகிறார்களே, அந்தச் சங்கம்தான். ஆண்டு மலர் போடுகிறார்களாம். உனக்கு அதில் ஒரு பக்கம் ஒதுக்கியிருக்கிறார்களாம். "உருக்கமா ஒரு நினைவஞ்சலி எழுதிக் குடுங்க டீச்சர், நீங்க எழுதினாத்தான் நல்லா இருக்கும்" என்றார். சரி என்றேன். இதுதான் அது. அவர்கள் போடாவிட்டால் வேறு எங்கே வருமோ அங்கே வரட்டும்.

படிக்கிறவர்களுக்கு உன்னைத் தெரியாது. அதனால் உனக்குத் தெரிந்ததையே உனக்குச் சொல்ல வேண்டியிருக்கிறது. பொறுத்துக்கொள்.

நீ படையில் வயர்லெஸ் ஆப்பரேட்டர். வேலூருக்குப் பக்கத்து ஊரிலிருந்து பதினெட்டு வயதில் போய், பனிமலையில் காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு இருபத்து நாலு வருஷம் உட்கார்ந்திருந்தவன். ஓய்வு பெற்றதும் இரண்டு பெண்களின் படிப்புக்காக இங்கே வந்தாய். பாகிஸ்தான் டிரைவர்கள் உன்னை நாத்தூர் பாய் என்று கூப்பிட்டார்கள். காவல்காரனுக்கு இந்த ஊர்ச் சொல். நீ அதற்கும் சிரித்தபடி கையைத் தூக்கினாய்.

வயர்லெஸ் வேலையின் பழக்கம் உன்னை விட்டுப் போகவேயில்லை. யார் எதைச் சொன்னாலும் அதைத் திருப்பிச் சொல்வாய். ஏ.சி.யில் தண்ணீர் ஒழுகுகிறது என்று நான் சொன்னால், "முந்நூத்தி ரெண்டு. ஏ.சி. தண்ணி ஒழுகுது. ஹால் இல்லை, பெட்ரூம். நாலு மணிக்கு மேல ஆள் வரணும். சரியாக்கா?" என்பாய். சரி என்று நான் சொல்லும் வரை பேனாவை மூட மாட்டாய். மற்றவர்களுக்கு இது எரிச்சல். என் வீட்டுக்காரர், "உன் தம்பிகிட்ட குட்மார்னிங் சொன்னாக்கூட ரசீது குடுக்கிறான்" என்று கிண்டல் செய்வார். ஆனால் அந்த நாலு வருஷத்தில் நம் கட்டிடத்தில் ஒரு புகார் கூட வீடு மாறிப் போனதில்லை.

ஏன் இப்படி என்று ஒரு வெள்ளிக்கிழமை காலையில் கேட்டேன். இட்லி கொண்டு வந்திருந்தேன். நீ தட்டைக் கையில் வைத்துக்கொண்டு சாப்பிடாமலே சொன்னாய்.

உன் யூனிட்டிலிருந்த இன்னொரு ஆறுமுகம் பனிச்சரிவில் போய்விட்டான். செய்தி வயர்லெஸில் கீழே போனது. காற்று, இரைச்சல். எண் சரியாக விழவில்லை. பெயர் மட்டும் தெளிவாகக் கேட்டது. கேட்டவன் திருப்பிச் சொல்லிச் சரிபார்க்கவில்லை. பட்டியலில் கண்ணில் பட்ட முதல் ஆறுமுகத்தின் வீட்டுக்குத் தந்தி அடித்துவிட்டார்கள். அது உன் வீடு. மல்லிகாவுக்கு அப்போது கல்யாணமாகி ஒன்றரை வருஷம். ஊர்ப் பெண்கள் கூடி வளையலை உடைத்தார்கள். பதினோரு நாள் கழித்து உன் கடிதம் வந்தது. கம்பளிக் காலுறை ஒரு ஜோடி அனுப்பச் சொல்லி எழுதியிருந்தாய். தேதியைப் பார்த்துத்தான் நீ உயிரோடு இருப்பது அவளுக்குத் தெரிந்தது.

நான் மல்லிகாவை நினைத்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். நீ வேறொருத்தியை நினைத்துக்கொண்டிருந்தாய்.

"அந்த இன்னொரு ஆறுமுகத்தோட சம்சாரம், பதினோரு நாளும் பூ வெச்சிக்கினு, அவனுக்கு வடாம் காய வெச்சிக்கினு இருந்திருக்குதுக்கா" என்றாய். இட்லி ஆறிப்போனது.

எண்ணைச் சரிபார்க்காமல் விட்டது யார் என்று நான் அன்று கேட்கவில்லை. எவனோ ஒருத்தன் என்று விட்டுவிட்டேன். அந்தச் செய்தியை மேலிருந்து சொன்னது யார்? எந்த ஆப்பரேட்டர்? இப்போது கேட்கத் தோன்றுகிறது. நீ இருந்திருந்தாலும் கேட்டிருப்பேனா, தெரியாது.

சரி, சங்கத்துக்கு வருகிறேன்.

குடியரசு தினத்தை ஒட்டி ஒவ்வொரு வருஷமும் முன்னாள் படைவீரர்களைக் கௌரவிக்கிறார்கள். செயலாளரின் மகள் என்னிடம் படித்தவள். அந்த உரிமையில், "யாராவது நல்ல ஆளா இருந்தாச் சொல்லுங்க டீச்சர்" என்று கேட்டார். உன்னைச் சொன்னேன். நீ மாட்டேன் என்றாய். "வேலை பார்த்தேன்க்கா, அதுக்கு மேடை எதுக்கு" என்றாய். நான் விடவில்லை. உன் பெண்களுக்கு ஒரு போட்டோவாவது இருக்க வேண்டாமா என்றேன். பின்வரிசைப் பையனை மேடைக்குத் தள்ளுவது போல உன்னைத் தள்ளினேன்.

விழாவுக்கு ஒரு வாரம் முன்னால் உன் பதக்கங்களைக் காட்சிக்கு வைக்கக் கேட்டார்கள். இங்கே வேலைக்கு வந்தபோது இன்டர்வியூவில் காட்டுவதற்காக நீ எடுத்து வந்திருந்த நாலு பதக்கங்கள். கைக்குட்டையில் முடிந்து, பெட்டியின் அடியில் வைத்திருந்தாய். அவிழ்த்துக் காட்டினாய். கறுத்துப் போயிருந்தன. ரிப்பனின் ஓரம் நைந்திருந்தது. அழகாக எதுவும் இல்லை. நீ ஒன்றைச் சாய்த்துப் பிடித்து, விளிம்பைக் காட்டினாய். நாணயத்தின் ஓரத்தில் கோடு இருக்குமே, அந்த இடத்தில், பொடி எழுத்தில் உன் எண், பதவி, பெயர். கட்டை விரலால் தடவினால் தெரியும். இருட்டில் கூடப் படிக்கலாம் என்று சொல்லி, கண்ணை மூடிக்கொண்டு தடவி எண்ணைச் சொன்னாய்.

என் கையில் தரும்போது, "நாலு பதக்கம், நாலு ரிப்பன். திரும்பி வரும்போதும் நாலு. சரியாக்கா?" என்றாய். சரி என்றேன். நான் பொறுப்பு என்றும் சொன்னேன்.

அடுத்த நாள் செயலாளரிடம் கொடுத்தேன். மாலையில் அவர் போன் செய்தார். "கொஞ்சம் அழுக்கா இருக்கு டீச்சர், சுத்தம் பண்ணி வைக்கிறோம்" என்றார். நான் அடுப்படியில் இருந்தேன். சரி சரி என்று வைத்துவிட்டேன். எதைக் கொண்டு சுத்தம் செய்வீர்கள், யாரிடம் கொடுப்பீர்கள் என்று ஒரு வார்த்தை நான் கேட்கவில்லை. நாலு வருஷம் உன்னைப் பார்த்தும் எனக்கு அது வரவில்லை.

விழா ஷார்ஜாவில் ஒரு பள்ளி அரங்கில், வெள்ளிக்கிழமை காலை. உன்னைச் "சுபேதார் மேஜர்" என்று அறிவித்தார்கள். நீ ஹவில்தார். "எல்லையில் எதிரிகளைச் சுட்டு வீழ்த்திய சிங்கம்" என்றார்கள். நீ காதில் ஹெட்போன் மாட்டியிருந்தவன். ஊர்ப் பெயரையும் தப்பாகச் சொன்னார்கள். மூன்றாவது வரிசையில் உட்கார்ந்து பல்லைக் கடித்தேன். பிறகு சங்கத் தலைவர் ஒரு வெல்வெட் பெட்டியைத் திறந்தார். உள்ளே நாலு பதக்கமும் கல்யாண நகை மாதிரி மின்னின. கூட்டம் கைதட்டியது. நானும் தட்டினேன், தம்பி. அதை மறைத்து எழுத மனசு வரவில்லை.

அவர் உன் சட்டையில் குத்தினார். நீ சல்யூட் அடித்தாய். பொன்னாடை போட்டார்கள். போட்டோவுக்கு நிற்கும்போது உன் கட்டை விரல் ஒரு பதக்கத்தின் விளிம்பைத் தொட்டது. ஒரு சுற்று. இன்னொரு சுற்று. அடுத்த பதக்கம். நீ சிரித்துக்கொண்டே இருந்தாய். அந்தச் சிரிப்பு போட்டோவில் இருக்கிறது. விரலும் இருக்கிறது.

மேடையிலிருந்து இறங்கியதும், சங்கத்தின் கண்ணாடி அலமாரியில் வைக்கப்போவதாகச் சொல்லி பதக்கங்களைக் கழற்றி வாங்கிக்கொண்டார்கள். ஒரு சாம்பார் சாதப் பொட்டலம் கொடுத்தார்கள். எங்கள் காரில் திரும்பினோம். அல் நஹ்தா சிக்னலில் வண்டி நின்றபோது பின் சீட்டிலிருந்து சொன்னாய்: "அக்கா, நம்பர் இல்லை."

என்ன நம்பர் என்றேன்.

"விளிம்புல. நாலுத்துலயும். வழவழன்னு இருக்குது."

அங்கிருந்தே செயலாளருக்குப் போன் போட்டேன். அவர் குரலில் அத்தனை சந்தோஷம். தலைவரே தேராவில் நகைக்கடைத் தெருவுக்குக் கொண்டு போய், பாலிஷ் போட்டு, தங்க முலாம் பூசி வாங்கி வந்தாராம். உங்களுக்கு முன்கூட்டிச் சொல்லவில்லை, சர்ப்ரைஸாக இருக்கட்டும் என்று விட்டோம் என்றார். "விளிம்புல என்னமோ கீறல் கீறலா இருந்துச்சாம் டீச்சர். ஆசாரி அதையும் மிஷின்ல போட்டு எடுத்துட்டாராம். இப்ப எவ்ளோ நீட்டா இருக்கு பாருங்க" என்றார்.

கீறல் என்றார், தம்பி. உன் பெயரை. உன்னைத் தவிர யாருக்கும் இல்லாத அந்த எண்ணை. இருபத்து நாலு வருஷம் பனியும் வியர்வையும் அழிக்காததை, ஒரு மத்தியானத்தில் தேசபக்தி அழித்துவிட்டது. கெட்டவர்கள் செய்திருந்தால் எனக்கு இத்தனை ஆத்திரம் வராது. திருடியிருந்தால் போலீஸுக்குப் போயிருப்பேன். மரியாதை செய்கிறேன் என்று செய்தார்கள். அதைப் பிடித்து யாரிடம் கொடுப்பது?

நீ அவர்களைத் திட்டவில்லை. அதுவும் எனக்குக் கோபம்தான். லீவில் போகும்போது ஊரில் படைவீரர் ஆபீஸில் மனுக் கொடுத்து வேறு வாங்கிக்கொள்ளலாம் என்றாய். மல்லிகாவிடம் மட்டும் இப்போது சொல்ல வேண்டாம் என்றாய். லீவு செப்டம்பரில். ஆகஸ்டில், மத்தியான வெயிலில், தண்ணீர் டேங்கர்காரனுக்குக் கேட்டைத் திறந்துவிட்டு அப்படியே மதிலில் சாய்ந்தாய். ஆம்புலன்ஸ் வருவதற்குள் முடிந்துவிட்டது. ரிஜிஸ்தரில் டேங்கரின் நம்பரைப் பாதி எழுதியிருந்தாய்.

உன்னை அனுப்பி வைக்க நானும் என் வீட்டுக்காரரும் ஏர்போர்ட் கார்கோவுக்குப் போனோம். பெட்டியின் மேல் ஒரு தாள் ஒட்டியிருந்தது. பெயர், பாஸ்போர்ட் எண், கார்கோ எண். அன்றைக்குப் போகவிருந்த பெட்டிகள் மூன்று. கவுண்டரில் இருந்த மலையாளிப் பையனிடம் நான் தாளில் உள்ளதை வாசித்து, அவனைத் திருப்பிச் சொல்லச் சொன்னேன். சொன்னான். இன்னொரு முறை என்றேன். மூன்றாம் முறை அவன், "ஓகேயாணு டீச்சரே, மாறிப் போகாது" என்று அலுத்துக்கொண்டான். நான் டீச்சர் என்று அவனுக்கு யார் சொன்னார்கள், தெரியவில்லை. மாறிப் போனதும் உண்டப்பா, வாசி என்றேன். வாசித்தான். நீ சரியான வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தாய்.

பத்து நாள் கழித்து மல்லிகா போன் செய்தாள். காரியம் முடிந்துவிட்டது, உன் படத்துக்குக் கீழே வைக்க வேண்டும், உன் சாமான் பெட்டியில் பதக்கம் இல்லை, எங்கே இருக்கிறது என்று கேட்டாள். "அவரு வந்துட்டாருக்கா, அது வரலியே" என்றாள்.

அஜ்மானுக்குப் போனேன். அலமாரியில் உன் பதக்கங்கள் சங்கத்தின் சுழற்கோப்பைகளுக்கு நடுவில் இருந்தன. கீழே "சுபேதார் மேஜர் ஆறுமுகம்" என்று அட்டை. வீட்டுக்காரம்மா கேட்கிறார், எடுத்துக்கொள்கிறேன் என்றேன். தலைவர் ஜூஸ் வரவழைத்தார். "இது இப்ப சங்கத்தோட பாரம்பரியச் சொத்து டீச்சர். வர்ற தலைமுறை பார்க்கணும் இல்லையா" என்றார். எதைப் பார்க்கும் அந்தத் தலைமுறை? பெயரில்லாத நாலு தங்கத் தகட்டையா?

முப்பத்தொரு வருஷத்தில் ஒரு பிள்ளையின் கையிலிருந்து ஒரு பென்சிலைக் கூட நான் பிடுங்கியதில்லை. அன்றைக்கு எழுந்து போய்க் கண்ணாடியைத் தள்ளித் திறந்தேன். நாலையும் எடுத்துக் கைக்குட்டையில் முடிந்தேன். வெல்வெட் பெட்டியை மேஜையில் வைத்தேன், அது அவர்களுடையது. செயலாளர் "டீச்சர், டீச்சர்" என்று கூடவே வந்தார். தொட்டுத் தடுக்க ஒருத்தருக்கும் துணிச்சல் வரவில்லை.

டிசம்பரில் ஊருக்குப் போனபோது நானே மல்லிகாவிடம் கொண்டு போனேன். முடிச்சை அவிழ்த்தேன். அவள் பளபளப்பைப் பார்க்கவில்லை. எடுத்ததும் கட்டை விரலை விளிம்பில் வைத்தாள். உன்னைப் போலவே. ஒரு சுற்று சுற்றிவிட்டு என்னைப் பார்த்தாள்.

"இது யாருதுக்கா?"

நடந்ததைச் சொன்னேன். அவள் அழவில்லை. நாலையும் திருப்பி என் கைக்குட்டையில் வைத்தாள். "நம்பர் இல்லாம அவரு பேர்ல எது வந்தாலும் இந்த வீட்டுல வாங்க மாட்டேன்க்கா. ஒரு தரம் வாங்கிட்டேன்" என்றாள்.

சங்கத்தார் இதைப் படித்தால், இந்த ஒரு வரியை மட்டும் இரண்டாவது முறை படிக்க வேண்டும்.

நானும் அவளுமாக முன்னாள் படைவீரர் அலுவலகத்துக்குப் போனோம். கண்ணாடி போட்ட ஒரு பெரியவர் உட்கார்ந்திருந்தார். பொறுமையாகக் கேட்டார். மாற்றுப் பதக்கம் கேட்டு மனைவி விண்ணப்பிக்கலாம் என்று படிவத்தை எடுத்தார். "பழசு என்னம்மா ஆச்சு, தொலைஞ்சு போச்சா?" என்றார்.

"தொலையலை சார். கௌரவிச்சுட்டாங்க" என்றேன்.

அவர் பேனாவைக் கீழே வைத்தார். "அதுக்கு இதுல கட்டம் இல்லையேம்மா" என்றார். கேலியாகச் சொல்லவில்லை, மெய்யாகவே தேடினார். கடைசியில் வழி சொன்னார். பதக்கம் யார் கையில் இருந்தபோது என்ன ஆனது என்று அவர்களே கையெழுத்துப் போட்டு ஒரு கடிதம் தந்தால், விண்ணப்பத்தோடு இணைத்து அனுப்பலாம். நாலு வரி போதும்.

அந்த நாலு வரிக்குத்தான், தம்பி, ஜனவரியிலிருந்து அலைகிறேன். நானே எழுதிக்கொண்டு போனேன்: இன்னாருடைய பதக்கங்களை விழாவுக்காக வாங்கினோம், பாலிஷ் போட்டபோது விளிம்பிலிருந்த எண்ணும் பெயரும் அழிந்துவிட்டன, வருந்துகிறோம். மூன்றாம் வகுப்புப் பிள்ளை எழுதும் லீவு லெட்டரில் இதைவிடக் கடினமான வாக்கியம் இருக்கும். தலைவர் வாசித்துவிட்டு, சங்கத்துக்குக் கெட்ட பெயர் வரும் என்றார். கெட்ட எண்ணத்தில் செய்யவில்லையே என்றார். உன் பெயரில் ஒரு வாலிபால் கோப்பை அறிவிக்கலாம், மல்லிகாவுக்கு ஒரு நினைவுப் பரிசு அனுப்பலாம் என்றார். கடிதம் என்றேன். யோசித்துவிட்டுச் சொன்னார்:

"அழிந்துவிட்டனன்னு வேணாம் டீச்சர். 'காலப்போக்கில் தேய்ந்துவிட்டன'ன்னு போட்டுக்கலாம். கையெழுத்து இப்பவே போடறேன்."

பேனாவை எடுத்தும் விட்டார். கையெழுத்து வாங்கியிருந்தால் அன்றோடு வேலை முடிந்திருக்கும். விண்ணப்பம் போயிருக்கும். என் வீட்டுக்காரர் கூட, "வாங்கித் தொலைச்சிருக்கலாமே, காரியம்தானே முக்கியம்" என்றார். எனக்கு முடியவில்லை. காலம் தேய்க்கவில்லை. காலம் அதை அப்படியே வைத்திருந்தது. தப்பான ஒரு செய்தியால் பதினோரு நாள் வளையலில்லாமல் உட்கார்ந்திருந்தவளிடம், சரியாகத் தோன்றும் இன்னொரு தப்பான செய்தியைக் கொண்டு போய் நீட்டவா? தாளை மடித்து எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

நம் கட்டிடத்துக்குத் திரும்பினால் உன் இடத்தில் புது செக்யூரிட்டி. நேபாளத்துக்காரர், உன் வயது இருக்கும். உன் பழைய ரிஜிஸ்தரைத்தான் இன்னும் ஓட்டுகிறார். நம் சாலையில் மெட்ரோவுக்குத் தூண் எழும்பிவிட்டது, அந்தப் புழுதி முழுக்க அவர் மேஜை மேல்தான். பக்கத்தைப் புரட்டினேன். ஒரு நாளில் உன் கையெழுத்து: "302 டீச்சரக்கா, பதக்கம் 4, ரிப்பன் 4, பெற்றுக்கொண்டார். சரி." கட்டிடத்துக்குள் வருவதும் போவதும் எழுத வேண்டிய ரிஜிஸ்தர் அல்லவா? எழுதியிருக்கிறாய்.

நின்றபடியே அதை நாலைந்து தரம் படித்தேன். அப்புறம்தான் எனக்கு உறைத்தது. யார் கையில் இருந்தபோது என்ன ஆனது என்றல்லவா ஆபீஸில் கேட்டார்கள்? உன் கையிலிருந்து அது சங்கத்தின் கைக்குப் போகவில்லை. என் கைக்கு வந்தது. நான் பொறுப்பு என்று சொல்லி வாங்கியவள் நான். சுத்தம் பண்ணுகிறோம் என்றதற்குச் சரி சரி என்று சொன்னவளும் நான். மூன்று மாதமாக அடுத்தவர் கையெழுத்துக்கு அலைகிறேன், என் கையெழுத்தைப் போடத் தோன்றவில்லை பார்.

இப்போது போட்டுவிட்டேன். வாங்கியது, கொடுத்தது, கேட்காமல் விட்டது, முலாம் பூசியது யார், கீறல் என்று சொன்னது யார், எல்லாம் அதில் இருக்கிறது. தலைவரின் பெயரும் செயலாளரின் பெயரும் இருக்கின்றன. அழிந்துவிட்டன என்ற சொல் இரண்டு இடத்தில் இருக்கிறது. ரிஜிஸ்தர் பக்கத்தையும் நகலெடுத்து இணைத்திருக்கிறேன். உன் எண்ணை நினைவிலிருந்தே எழுதினேன். முதல் நாள் லிஃப்டு வாசலில் நீ சொன்ன அதே எண். போனில் மல்லிகாவுக்கு ஒவ்வொரு இலக்கமாக வாசித்தேன். அவள் திருப்பிச் சொன்னாள். சரியாக இருந்தது. விண்ணப்பம் போய்விட்டது. வருமா, எப்போது வரும், தெரியாது.

கோபம் தணிந்துவிட்டதா என்று கேட்பாய். இல்லை. தணிய வேண்டும் என்று நான் விரும்பவும் இல்லை.

ஆனால் ஒன்று சொல்கிறேன். புதிய பதக்கங்கள் வரும் நாளில், எந்த ஊரில் இருந்தாலும் மல்லிகாவின் வீட்டுக்கு வருவேன். அவள் கையில் கொடுப்பதற்கு முன்னால், உன் படத்துக்கு முன்னால் நின்று, நாலு விளிம்பையும் சத்தமாக வாசிப்பேன். எண். ஹவில்தார். ஆறுமுகம். சரியா என்று கேட்பேன். மல்லிகா சரி என்று சொன்ன பிறகுதான் உட்காருவேன்.

நாலு பதக்கம், நாலு ரிப்பன். திரும்பி வரும்போதும் நாலு.

இப்படிக்கு,
பெற்றுக்கொண்டு கையெழுத்துப் போட்ட உன் அக்கா,
302 டீச்சர்

பின்குறிப்பு, படிக்கிறவர்களுக்கு: அடுத்த முறை ஒருவருக்குப் பொன்னாடை போடப் போகும் முன், அவரைப் பற்றி என்ன சொல்ல வேண்டும் என்று அவரிடமே கேளுங்கள், சொன்னதை எழுதி அவருக்கே வாசித்துக் காட்டி, சரி என்று அவர் சொன்ன பிறகு மேடை ஏறுங்கள்.